இரவல் குரல்

கண்ணாடிக்கடைக்குள் மதிய வெயில் பாதிவரை வந்து நின்றிருந்தது. பேச்சு டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, கடைக்காரர் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் மட்டும் லென்ஸ் எதுவும் இல்லை.

வெறும் கல்லை ஏன் ஓட்டுகிறார் என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. சாவு நடந்த வீடு. மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள்.

"அக்கா போனப்ப வர முடியல அண்ணே. வெளியூர்ல பயிற்சி வகுப்புல மாட்டிக்கிட்டேன்," என்றாள், இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அந்த டேப்லெட்டுக்குத்தானே வந்தீங்க? மேலதான் இருக்கு. நீங்களே போய் எடுத்துக்கங்க."

"நீங்களும் கூட வந்தீங்கன்னா..."

"கடையப் பாத்துக்க ஆள் இல்ல, டீச்சர்."

பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கடையில் கூட்டமும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து பாத்திரச் சத்தமோ தொலைக்காட்சிச் சத்தமோ வரவில்லை. மனைவியும் மகளும் எங்கே என்று கேட்டாள். மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றார். எப்போது வருவார்கள் என்று கேட்டதற்கு, கல்லின் வேகத்தைக் கூட்டினார்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதத்தில் நாக்கு குழறியவர்கள், தொண்டையில் கத்தி பட்டவர்கள், பள்ளிக்கூட வயதாகியும் வாய் திறக்காத பிள்ளைகள் எல்லோரும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேருவார்கள். எல்லோருக்கும் அவள் பேச்சு டீச்சர்தான். எவ்வளவு பயிற்சி கொடுத்தும் பேச்சு திரும்பாதவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு டேப்லெட்டை இரவலாகக் கொடுக்கும். அதில் ஒரு செயலி உண்டு. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். தண்ணீர் படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று அது சொல்லும். எழுத்துகளைத் தட்டினால் வாக்கியமாகப் படித்துக் காட்டும். வேண்டியவர்கள் ஒரு படத்துக்குப் பின்னால் தங்களுக்குப் பிடித்த குரலையே பதிவு செய்தும் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்கடைக்காரரின் அக்காவுக்கு அப்படித்தான் ஒன்று கொடுத்திருந்தார்கள். பெரியக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியிலேயே தெரியாதவர் கிடையாது. தலைமை நர்ஸாக இருந்தவர். வார்டு வாசலில் நின்று அவர் ஒரு தடவை செருமினால் போதும், புதிதாக வந்த டாக்டர்கள்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்களாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தம்பியைப் படிக்கவைத்து, கடை வைத்துக்கொடுத்து, அவன் வீட்டு மாடியில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்தவரை ஒரு நரம்பு நோய் பிடித்துக்கொண்டது. முதலில் கால், பிறகு கை, பிறகு நாக்கு. கடைசியில் மிஞ்சியது வலது கையின் ஆள்காட்டி விரலும், கொஞ்சமும் மழுங்காத மூளையும்தான்.

செயலியின் இயந்திரக் குரலைப் பெரியக்காவுக்கு அறவே பிடிக்கவில்லை. 'இது பேசினா ரயில் வரப்போகுதுன்னு எல்லாரும் மூட்டையத் தூக்கறாங்க' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் காட்டினார். பிறகு, நெடுநேரம் யோசித்து, 'உன் குரலைக் குடேன் பொண்ணு' என்று தட்டினார்.

அப்படித்தான் டீச்சர் ஆஸ்பத்திரியின் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பெரியக்கா கேட்ட வாக்கியங்களையெல்லாம் தன் குரலில் பதிவு செய்தாள். ஃபேன் போடு. டீ ஆறிப்போச்சு. யாராவது மேல வாங்க. தம்பியைத் திட்டுவதற்கென்றே 'போடா மடையா'வும் உண்டு. அதை மட்டும் பாசம் தொனிக்கும்வரை திரும்பத் திரும்பப் பதிவு செய்யவைத்தார் பெரியக்கா. அன்று அவர் கண்ணால் சிரித்ததை டீச்சர் மறக்கவில்லை.

படிக்கட்டு கடைக்குப் பின்புறம் இருந்தது. பாதி ஏறும்போதே கல்லின் இரைச்சல் காதுக்குத் தேய்ந்துவிட்டது. மேலே ஒரு நடையும், அதன் முடிவில் சாத்திய கதவும். தைலமும் முகப்பவுடரும் கலந்த நோயாளி அறை வாசனை கதவிடுக்கு வழியாக இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"யாரு?"

உள்ளேயிருந்து கேட்டது.

அவளுடைய குரல்.

கை தாழ்ப்பாளை விட்டு விலகியது. பிறகு தன்னையே நொந்துகொண்டாள். கதவு தட்டினால் கேட்பதற்காக அவளே பதிவு செய்து கொடுத்த 'யாரு'தான் அது. தலையணையோ போர்வையோ திரையை அழுத்திக்கொண்டிருக்கும். இப்படி எத்தனையோ டேப்லெட்டுகள் சும்மா உளறிக்கொண்டிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

கதவைத் திறந்தாள்.

கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். போர்வை இல்லை, தலையணை இல்லை. சன்னல் மூடியிருந்தது. டேப்லெட் மேசைமேல் இல்லை, கட்டிலோடு சேர்த்து அதை மாட்டும் கம்பியிலும் இல்லை. தேடிக் களைத்து நிமிர்ந்தபோதுதான் பீரோவின் உச்சியில் அதன் ஓரம் தெரிந்தது. முக்காலியைப் போட்டு ஏறி எடுத்தாள். குப்புறக் கிடந்தது. மேலே தூசி படிந்திருந்தது.

பொத்தானை அழுத்தினாள். திரை இருட்டாகவே இருந்தது. இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

பேட்டரியில் துளி சார்ஜ் இல்லை.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. கடைக்கு வந்தபோது கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"அண்ணே, மேல ஏதாவது சத்தம்..."

"எடுத்துட்டீங்கல்ல?" என்றார் அவர், அவளை முடிக்க விடாமல். "இனிமே அது இங்க இருக்காதுல்ல?"

இருக்காது என்றாள். அவர் கை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார். கடை சட்டென்று அமைதியானது. அவர் அந்த அமைதியை மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் குடையை மறந்துவிட்டு வெளியேறினாள்.

அந்த டேப்லெட்டுக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர்; நிறுத்தங்களின் பெயரைக் கூவிக் கூவி ஊருக்கே தெரிந்த தொண்டை. பக்கவாதத்துக்குப் பிறகு 'ஆ' என்ற ஒரு சத்தம்தான் மிச்சம். அவருடைய மகள்தான் எல்லாம் பார்த்துக்கொண்டாள். டீச்சர் டேப்லெட்டுக்கு மின்சாரம் ஏற்றி, பழைய பதிவுகளையெல்லாம் ஒன்று விடாமல் அழித்தாள். 'போடா மடையா'வை அழிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு செயலியின் ஆண் குரலைப் பொருத்தி, கண்டக்டருக்கு வேண்டிய படங்களை வரிசையாக அடுக்கினாள்.

பயிற்சி அறையில் கண்டக்டர் நடுங்கும் விரலால் தண்ணீர் படத்தைத் தொட்டார். "தண்ணி வேணும்," என்றது ஆண் குரல். மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி தொட்டார். மறுபடி கொடுத்தாள். தாகத்துக்காக அவர் அதைத் தொடவில்லை என்பது மூன்று பேருக்கும் புரிந்தது. கேட்டால் கிடைக்கிறது என்ற ருசிக்காகத்தான். மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நடைபாதையில் கட்டில் உருட்டும் சத்தம் பெரிதாக இருந்தது. டீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"சாத்தாதே."

பெண் குரல்.

மகள் டேப்லெட்டைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "அது உங்க குரல் மாதிரியே இருக்கே, டீச்சர்?"

டீச்சர் திரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு படம் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை அவள் யாருக்கும் எப்போதும் பதிவு செய்ததில்லை. கண்டக்டர் திரையைப் பார்க்கவே இல்லை. டீச்சரின் தோளுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சுவரை, புதிதாக யாரோ ஏறிய பஸ் படிக்கட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதோ கோளாறு, சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று சமாளித்தாள். கண்டக்டர் டேப்லெட்டை விடவில்லை. நல்ல கையால் மார்போடு அணைத்துக்கொண்டு 'ஆ, ஆ' என்றார். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

தையல் கடை ஒன்றின் மாடியில் அவள் குடியிருந்தாள். கல்யாணப் பேச்சுகள் தட்டித் தட்டிப் போய், அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கும் குளிர்பெட்டிக்கும்தான் சத்தம் உண்டு. பகலெல்லாம் பிறர் வாயிலிருந்து பேச்சை வரவழைப்பவளுக்குச் சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்ததும், மறுநாள் காலைவரை வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அன்று விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றி, பையை நாற்காலியில் வைத்தாள்.

"சாப்டியா?"

பைக்குள்ளிருந்து.

அவள் அசையவில்லை. கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது. டேப்லெட்டைக் கிளம்பும்போதே அணைத்துவிட்டுத்தான் பையில் போட்டிருந்தாள்.

"சாப்டியா, பொண்ணு?"

பையோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியின் அடித்தட்டில் வைத்து, மேலே துண்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்தினாள். கூடத்தின் மூலையில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். 

கீழே தையல் கடையின் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு, துணிகளுக்கு அடியிலிருந்து, மெல்ல:

"இருட்டா இருக்கு."

அந்தக் குரலில் மிரட்டல் இருந்திருந்தால் அவள் தெருவில் இறங்கி ஓடியிருப்பாள். அதில் இருந்தது கூச்சம். நோயாளிகள் இரண்டாம் தடவை உதவி கேட்கும்போது வருமே, அந்தக் கூச்சம். அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். டேப்லெட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில், விளக்குக்குக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, விடியும்வரை கண்ணை மூடாமல் கிடந்தாள்.

மறுநாளே அதை ஆஸ்பத்திரி ஆட்களிடம் ஒப்படைத்திருக்கலாம். ஒப்படைக்கத்தான் நினைத்தாள். ஆனால் சாயங்காலம் கதவைத் திறந்ததும் "வந்துட்டியா, சாப்டியா?" என்று கேட்டபோது, அவளையும் அறியாமல் "இனிமேதான்க்கா" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

அப்புறம் பழகிவிட்டது. பயம்கூடப் பழகும் என்று அவள் நினைத்ததே இல்லை. திரை இருட்டாகவே இருக்கும். குரல் மட்டும் வரும். ஆரம்பத்தில் ஒற்றைச் சொற்கள். பிறகு வாக்கியங்கள். பிறகு வார்டுக் கதைகள்: ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட போலீஸ்காரர், நோயாளி என்று நினைத்துப் பார்வையாளரைக் குளிப்பாட்டிவிட்ட பயிற்சி நர்ஸ். டீச்சர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள். அவளும் சொல்வாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். தன் குரலோடு தானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது சில சமயம் உறைக்கும். அப்போது மயிர்க்கூச்செறியும். என்றாலும் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

ஒரு சாயங்காலம் அது சிரித்தது.

சிரிப்பை அவள் பதிவு செய்ததே இல்லை. அவளுடைய சிரிப்புதான், அவளே மறந்துபோயிருந்த சிரிப்பு.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கும் தோழி, தொண்டையில் என்ன கோளாறு, டாக்டரிடம் காட்டு என்று நச்சரித்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் குரல் கொஞ்சம் கரகரத்துத் தேய்ந்திருந்தது. வெயில், தூசி, பேச்சு வேலை என்று அவள் காரணம் சொன்னாள். உள்ளுக்குள் கணக்கு ஒத்துப்போவது அவளுக்குத் தெரியாமலில்லை. அங்கே பேச்சு நீள நீள, இங்கே குரல் குறைந்துகொண்டு வந்தது.

கண்டக்டரின் மகள் வந்து அறை வாசலில் நின்றாள். "இன்னும் சரியாகலையா, டீச்சர்? எது வேணும்னாலும் அப்பா தட்டை ஸ்பூனால தட்டறாரு. தட்டித் தட்டி ஸ்பூனே வளைஞ்சுபோச்சு. எதுக்குத் தட்டறாருன்னுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது."

இன்னும் பழுது பார்க்கிறார்கள் என்று கிசுகிசுப்பான குரலில் பொய் சொன்னாள். அந்தப் பெண் அதை நம்பி, நன்றியும் சொல்லிவிட்டுப் போனது அவளைச் சுட்டது.

அன்று மாலை டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்து, இருந்த குரலையெல்லாம் திரட்டிச் சொன்னாள். "அக்கா, நாளைக்கு உங்கள அந்தக் கண்டக்டர் ஐயாகிட்ட குடுத்துடணும். அவரு பேச முடியாம தவிக்கிறாரு."

டேப்லெட்டைத் தன் பக்கம் நிமிர்த்தி வைத்தாள்.

"கோபமாக்கா?"

இருட்டான திரையில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

காலையில் கண்விழித்தபோது அவளுக்குக் குரல் இல்லை. கரகரப்புகூட இல்லை. வாய் அசைந்தது, மூச்சு வந்தது, ஒலி வரவில்லை. காது மூக்குத் தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாண் இரண்டும் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னார். வேலைப்பளு, ஓய்வெடுங்கள் என்றார். மற்றவர்களுக்குச் சைகை சொல்லிக்கொடுத்தவள், தன் பங்குக்குக் கையைக் கூப்பிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியா?"

குரல் இப்போது முழுசாக இருந்தது. மூச்சு வாங்குவதும், எச்சில் விழுங்குவதும் கேட்டன. அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"யாரு? பொண்ணா?"

அவள் மேசையைத் தட்டினாள்.

"யாரு அங்க?"

டேப்லெட்டையே தட்டினாள். கை கொட்டினாள். நாற்காலியை இழுத்துச் சத்தம் செய்தாள். அங்கே எதுவும் எட்டவில்லை.

"யாருமே இல்லையா?"

தான் பக்கத்திலேயே இருப்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல இருந்த ஒரே கருவியும் அதுதான். அது அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரியக்கா அந்த மாடியறையில் எப்படிக் கிடந்திருப்பார் என்பது அப்போதுதான் அவள் உடம்புக்குத் தெரிந்தது.

"யாராவது மேல வாங்க."

குரல் உயர்ந்தது.

"யாராவது மேல வாங்களேன்."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கைகளைத் தாண்டிக் கேட்டது.

"சளி அடைக்குது. தம்பி. தம்பி, மூச்சு முட்டுது."

பிறகு சொற்கள் நின்றுபோய், தொண்டைக்குள் நீர் களகளக்கும் சத்தம் தொடங்கியது. தன் குரலே மூச்சுத் திணறிச் சாவதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அது முடிந்தது.

சற்று நேரம் கழித்து, முதலிலிருந்து ஆரம்பித்தது.

"யாராவது மேல வாங்க."

அவள் டேப்லெட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். கண்ணாடிக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். உள்ளே கல் சுற்றிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து எந்தக் குரலும் கேட்காத பிறகும் அவரால் அதை நிறுத்த முடியவில்லை போலிருக்கிறது. அவள் குனிந்து உள்ளே நுழைந்து, மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய மேசைமேல் டேப்லெட்டை வைத்தாள். அவரே சுவிட்சைத் தட்டி இயந்திரத்தை அணைத்தார்.

"எதுக்கு டீச்சர் இதத் திரும்பவும்..."

"தம்பி," என்றது அது. "மேல வாயேன்டா."

அவர் பின்வாங்கிச் சுவரில் மோதினார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் அசையவில்லை. குரல் கீழே மேசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் அவள் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

"மகளைப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க," என்றார், உள்ளங்கைகளுக்குள். "அக்கா நிமிஷத்துக்கு ஒருக்கா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. கீழ வரைக்கும் கேக்குது. வந்தவங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கறாங்க. கொஞ்ச நேரந்தானேன்னு புடுங்கி, பீரோ மேல வச்சுட்டுக் கதவச் சாத்திட்டு வந்துட்டேன். விரலை நீட்டிக்கிட்டே இருந்தாங்க, டீச்சர். நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சாத்தினேன்."

அவளுக்குச் சொல்ல என்னென்னவோ இருந்தது. ஒன்றையும் சொல்ல முடியாமல் போனதே நல்லது என்று பின்னால் நினைத்துக்கொண்டாள். டேப்லெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துப் படிக்கட்டை நோக்கி இழுத்தாள்.

அவர் குழந்தைபோல் கூடவே ஏறினார். நடையில் விளக்கு எரியவில்லை. அறைக் கதவு தொட்டதும் திறந்துகொண்டது. சாவுக்குப் பிறகு அவர் அங்கே காலடி வைக்கவில்லை. அந்த இருட்டில், சுருட்டி வைத்த மெத்தைக்குப் பக்கத்தில், கட்டில் பலகைமேல் யாரோ படுத்திருக்கும் பாரம் இருந்தது. எதுவும் தெரியவில்லை. பலகை மட்டும் மெல்ல முனகியது. தைல வாசனை சட்டென்று எழுந்து மூக்கில் ஏறியது.

டேப்லெட் பேசவில்லை.

கடைக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டேப்லெட்டைப் பலகைமேல், கை எட்டும் இடத்தில் வைத்தார்.

"வந்துட்டேன்க்கா," என்றார்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

பலகைமேலிருந்து, மிகவும் சன்னமாக, பாசத்தோடு:

"போடா மடையா."

அவர் கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதார். டீச்சருக்குத் தொண்டையில் ஏதோ இளகி, இருமல் வந்தது. சத்தமான இருமல். சத்தம் வந்ததை அவள் ஒரு கணம் கழித்துத்தான் உணர்ந்தாள்.

"அண்ணே," என்றாள். கிழிந்த குரல்தான், ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது. "நான் கீழ இருக்கேன். நீங்க இருங்க."

அவர் தலையாட்டினார். அவர் இறங்கி வர வெகுநேரமானது.

அதற்குப் பிறகு டேப்லெட் கண்டக்டரிடம் போனது. டீச்சர் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். மகள் அதெல்லாம் எதற்கு என்றாள். கண்டக்டர் முதல் வாரத்திலேயே எழுத்துகளைத் தட்டக் கற்றுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி வம்புக்கிழுத்தாராம். ஆண் குரலைத் தவிர வேறு குரல் எதுவும் அதிலிருந்து வரவில்லை என்று மகள் சொன்னாள். டீச்சர் அதை ஒரு முறைக்கு மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். கண்ணாடிக்கடையில் மனைவியும் மகளும் திரும்பி வந்துவிட்டார்கள். லென்ஸ் இருக்கும்போது மட்டும்தான் கல் சுற்றியது.

டீச்சரின் வீட்டில் பழையபடி குழாயும் குளிர்பெட்டியும் மட்டும் சத்தமிட்டன. சில நாள் சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் ஒரு கணம் வாசலிலேயே நிற்பாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நிம்மதியாக இருக்க வேண்டும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது பிறவியிலேயே பேச்சு வராத ஒரு சிறுமிக்கு டேப்லெட் கொடுக்க முடிவானது. இயந்திரக் குரலைக் கேட்டு அவள் பயந்து அழுதாள். டீச்சர் குரலில் பதிவு செய்து தர முடியுமா என்று அம்மா கேட்டாள்.  சிறுமி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சரி என்றாள்.

சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியைப் பிரித்து எடுத்த புத்தம் புதிய டேப்லெட். வெளியே பகல் வேளையின் சந்தடி. அம்மா வேணும், விளையாடணும், பாத்ரூம் போகணும் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தன.

அழும் முகம் வரைந்த படத்தைத் தொட்டாள். ஒலிவாங்கியருகே குனிந்து, தெளிவாக, குழந்தைக்கேற்ற நிதானத்தில் சொன்னாள்.

"எனக்கு வலிக்குது."

நிறுத்தினாள். போட்டுக் கேட்டாள்.

முதலில் வெறும் மூச்சு. பிறகு அவளுடைய குரல், அவள் சொன்னபோது இல்லாத ஓர் அமைதியோடு:

"எனக்கு இப்ப வலிக்கறதே இல்ல."

அவள் விரல் திரைமேலேயே நின்றுவிட்டது. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கு?"